இரண்டாவது மாரடைப்புக்கு மெடிக்கல் கோட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் சார்ட்டில் "ரெக்கரன்ட் எம்ஐ" (மீண்டும் வந்த மாரடைப்பு) என்று பார்த்ததும் கை நேராக ஐ22 என்ற கோட் எண்ணுக்குப் போய்விடுகிறது. சென்னையில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் பார்த்து நோய்களுக்குக் கோட் எண் போடும் புதிய கோடர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு இது. அங்கே நோய்களுக்குக் கோட் போடப் பயன்படும் ஐசிடி-10-சிஎம் முறையில் ஐ22 என்பது "இவருக்கு இது இரண்டாவது அட்டாக்" என்று சொல்லும் கோட் இல்லை. முதல் அட்டாக் வந்து நான்கு வாரத்துக்குள், அதாவது 28 நாளுக்குள், இன்னொன்று வந்தால்தான் அதற்கு இடமே உண்டு.

அதனால் முதலில் தேதியைத் தேடுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அட்டாக் வந்தவர் இன்று புதிய அட்டாக்கோடு வந்தால், இன்றையதற்கு ஐ21, பழையதற்கு ஐ25.2. அவ்வளவுதான். "சமீபத்தில் எம்ஐ" என்று மட்டும் எழுதியிருந்தால் நாமாக ஊகிக்கக் கூடாது. கார்டியாலஜி கன்சல்ட் குறிப்பிலும் தேதி இல்லையென்றால் டாக்டருக்குக் குவெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்ப வேண்டும். பழைய ஐசிடி-9 பாடங்களைப் படித்தவர்கள், அதில் நான்கு வாரத்துக்குப் பதிலாக இருந்த எட்டு வாரக் கணக்கை மறந்துவிடுவது நல்லது.

அடுத்தது, ஐ22-ஐத் தனியாக விடுவது. அது எப்போதும் ஐ21-ஓடு சேர்ந்தே வர வேண்டும். ஜூலை 3 அன்று இதயத்தின் கீழ்ச்சுவரில் ஸ்டெமி (இசிஜியில் எஸ்டி பகுதி உயரும் மாரடைப்பு) வந்தவர், வீட்டுக்குப் போய், ஜூலை 19 அன்று என்ஸ்டெமியோடு (அந்த உயர்வு இல்லாத மாரடைப்பு) திரும்பி வருகிறார். இரண்டாவதுக்கான ஐ22.2 முதலில், முதல் அட்டாக்குக்கான ஐ21.19 அடுத்து. டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார் என்பதற்காகச் சிலர் முதல் அட்டாக்கை ஐ25.2 ஆக்கிவிடுகிறார்கள்; ஆனால் 28 நாள் முடியாதவரை அது பழைய அட்டாக் ஆகாது. முதல் அட்டாக்குக்காகப் படுத்திருக்கும்போதே இரண்டாவதும் வந்தால் வரிசை மாறும்: ஐ21.19 முதலில், ஐ22.2 பின்னால்.

அனுபவமுள்ளவர்களும் சறுக்குவது அட்டாக்கின் வகையில்தான். இரண்டு அட்டாக்கும் டைப் 1 (இதய ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு சிதைந்து ரத்தம் உறைவதால் வருவது) ஆகவோ, வகை குறிப்பிடாததாகவோ இருந்தால்தான் ஐ22. முதல் அட்டாக் வந்த பத்தாவது நாள் குடலில் ரத்தம் கசிந்து, ரத்தசோகையால் டைப் 2 எம்ஐ (வேறு காரணத்தால் இதயத்துக்கு ஆக்ஸிஜன் போதாமல் வருவது) வந்தது என்று டாக்டர் எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அடிப்படைக் காரணம் முதலில், அதற்குப் பிறகு ஐ21.ஏ1, கூடவே முதல் அட்டாக்குக்கான ஐ21. ஐ22 கிடையாது. ஸ்டென்ட் வைத்த சில நாளில் அதே ஸ்டென்டில் ரத்தம் உறைந்து வரும் அட்டாக்கும் இப்படித்தான். அது டைப் 4பி, ஐ21.ஏ9 போட்டு, ஸ்டென்ட் சிக்கலுக்கு டி82.867 வரிசையில் உள்ள ஒரு கோட் எண்ணையும் சேர்க்க வேண்டும். தேதி 28 நாளுக்குள் இருக்கிறதே என்று ஐ22 போட்டால், உண்மையான காரணமான ஸ்டென்ட் அந்த நோயாளியின் பதிவிலிருந்தே மறைந்துபோகும். அடுத்து அவரைப் பார்க்கும் டாக்டருக்கு அது தெரிய வேண்டிய விஷயம்.

ஒரே அட்டாக்கை இரண்டாக எண்ணுவதும் உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தபின் ஸ்டெமி என்ஸ்டெமியாக மாறினாலும் அதற்கு ஸ்டெமி கோட்தான். என்ஸ்டெமி ஸ்டெமியாக முற்றினாலும் ஸ்டெமி கோட்தான். இரண்டு இடத்திலும் ஐ22-க்கு வேலை இல்லை. டிரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) இறங்கி மறுபடி ஏறியிருக்கிறது என்பதை வைத்து நாமே இரண்டாவது அட்டாக் என்று முடிவு செய்யவும் கூடாது. டாக்டர் அப்படி எழுதியிருக்க வேண்டும்; எழுதவில்லையென்றால் குவெரிதான்.