கோழி அறுப்பில் நேரும் தவறுகள்: கிருமி குடலிலிருந்தே வருகிறது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் பகுதிகளில் உயிர்க்கோழி வாங்கி வீட்டிலேயே அறுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் ஒரே காலையில் பல கோழிகள் அறுபடுவதும் உண்டு. இறைச்சி கெட்டால் ஈயையும் அழுக்குக் கத்தியையும் குறை சொல்கிறோம். ஆனால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்னும் கிருமிகள் பார்வைக்கு நலமாக இருக்கும் கோழியின் குடலிலேயே வாழ்கின்றன.

ஆகவே முதல் தவறு, அறுக்கும்வரை தீனி போடுவது. 8 முதல் 12 மணி நேரத்திற்கு முன்பே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைத்தால் குடல் காலியாகும். அதற்காக இரண்டு நாள் பட்டினி போடுவதும் தவறுதான்: குடற்சுவர் நலிந்து எளிதில் கிழியும், பசித்த கோழி கீழே கிடக்கும் எச்சத்தையே கொத்தி இரைப்பையை நிரப்பிக்கொள்ளும்.

இறகு பிடுங்குவதற்காக எல்லாக் கோழிகளையும் ஒரே அண்டா வெந்நீரில் முக்குவது அடுத்த தவறு. 50 முதல் 60 டிகிரி வரையான அந்தச் சூடு இறகின் வேரைத் தளர்த்தப் போதுமே தவிர, கிருமிகள் அனைத்தையும் கொல்லாது. முதல் கோழியின் எச்சம் கலந்த நீர் அடுத்த கோழியின் தோலில் படிகிறது. நீர் கலங்கியதும் மாற்றுவதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மிகுந்த கவனம் வேண்டியது குடலெடுப்பில். எச்சத் துவாரத்தைச் சுற்றி ஆழமின்றி வெட்டி, குடல் அறுபடாமல் முழுவதுமாக வெளியே இழுக்க வேண்டும். கிழிந்துவிட்டால் அழுக்குப் பட்ட சதையை வெட்டி எறிந்து, கத்தியையும் பலகையையும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவ வேண்டும். அதை விட்டுக் குழாயடியில் கோழியைக் கழுவுவது, தோல் மடிப்பில் ஒட்டிய கிருமியை நீக்காமல் தொட்டியெங்கும் தெளிக்கவே உதவும். மஞ்சள் பூசினால் கவிச்சி குறையலாம். கிருமி ஒழிந்தது என்று நம்ப முடியாது.

தமிழகத்து ஆடி டர்பனில் குளிர்காலம் என்பதால் அறுத்த கோழியை மதியம்வரை வெளியே குவித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே குளிர்காலப் பகலிலும் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டுவது இயல்பு. கோழியோ 4 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் நடுவிலுள்ளது ஆறவே ஆறாது என்பதால், தனித்தனியாகப் பனிக்கட்டியில் புதைத்து வைப்பதே சரி. உறவினருக்குப் பங்கு அனுப்பும்போதும், நீர் கசியாத பையில் கட்டி, கூழ், காய்கறி எதனோடும் சேராமல் தனியே அனுப்ப வேண்டும்.