கம்ப்ளையன்ஸ் வேலைக்குப் புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் பொறுப்புக்கு, அதாவது தொழிலாளர் சட்டமும் பாதுகாப்பு விதிகளும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்கும் வேலைக்கு, இப்போது வரும் இளைஞர்கள் நன்றாகப் படித்தவர்கள், சுறுசுறுப்பானவர்கள். ஆனாலும் அந்தக் காலத்தில் நாங்கள் செய்த தவறுகளையே அச்சுப்பிசகாமல் செய்கிறார்கள். தீயணைப்புக் கருவியின் காலாவதித் தேதி, முதலுதவிப் பெட்டியில் பஞ்சு போன்றவற்றை நான் சொல்லத் தேவையில்லை. அவற்றை, பையருக்காக (ஆடை வாங்கும் நிறுவனத்துக்காக) சோதிக்க வரும் எந்த ஆடிட்டரும் வந்த பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

இரண்டு வருகைப் பதிவேடு

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே இருக்கிற விதி. ஆனால் காலை 8.30க்கு உட்கார்ந்தால் இரவு 8.30 வரை ஒன்றரை ஷிப்ட் என்பது ஊர் வழக்கம். ஷிப்மெண்ட் நெருங்கினால் அதுவும் போதாது. எனவே ஆடிட்டருக்கு ஒரு கணக்கு, சம்பளத்துக்கு ஒரு கணக்கு. புதிதாக வந்தவர் இதைச் சம்பளப் பிரிவின் சமாச்சாரம் என்று கண்டுகொள்ளாமல் விடுகிறார். அது கூலியோடு நிற்பதில்லை.

நான் பார்த்த ஒரு யூனிட்டில், இரவு பத்து மணிவாக்கில் சிங்கர் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் விரலில் ஊசி ஏறி, நகத்துக்குள்ளேயே முறிந்துவிட்டது. ஆடிட் பதிவேட்டின்படி அவர் மாலை ஆறு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டார். வீட்டுக்குப் போனவருக்குக் கம்பெனியில் எப்படி அடிபடும்? மறுநாள் காலை 9.15 என்று விபத்துப் பதிவேட்டில் எழுதினார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டிலோ முந்தைய இரவின் தேதி இருந்தது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் போன காகிதமும் சீட்டும் ஒத்துப்போகவில்லை. வேலைக்கு வராத நாட்களின் பணத்துக்காக அந்தப் பெண் அலையாய் அலைந்தார். கை ஆறியதும் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார், நல்ல டெய்லர்.

அந்த மெஷினின் ஊசிக் காப்புக் கம்பியைக் கழற்றி மேசை டிராயரில் போட்டிருந்தார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, இரவில் அந்த லைனில் (தையல் மெஷின் வரிசையில்) பாதி டியூப்லைட்டுகளை அணைத்துவிடுவார்கள். காலை 9.15 மணி விபத்தை விசாரிப்பவருக்கு வெளிச்சக் குறைவு எப்படித் தோன்றும்? 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி மூடிவிட்டார்கள். விளக்குகள் அதன் பிறகும் அணைந்தே கிடந்தன.

தீப்பிடித்தால் நிலைமை இன்னும் மோசம். வெளியே வந்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட எந்தப் பட்டியலை எடுப்பீர்கள்? பட்டியலில் கட்டடம் காலி. மேல்மாடியிலோ இரண்டு லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. 2012 செப்டம்பரில் கராச்சி ஆயத்த ஆடை ஆலைத் தீயில் 250க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை, தொழிலாளர்களை முறையாக நடத்துகிறது என்பதற்கான எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வாங்கியிருந்தது. காகிதம் சுத்தமாக இருந்தால் போதும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

முதலாளி, "உண்மையைக் காட்டினால் ஆர்டர் போய்விடும்" என்பார். நான் பார்த்தவரை, கூடுதல் நேரத்தை ஒளிக்காமல் காட்டி, குறைக்கும் திட்டத்தையும் கையில் வைத்திருந்த கம்பெனிக்கு பையர் அவகாசம் கொடுத்திருக்கிறார். பொய்க் கணக்கு பிடிபட்ட இடத்தில்தான் பேச்சு சட்டென்று முறிந்திருக்கிறது.

கதவு

வேலை நேரத்தில் பூட்டக் கூடாது. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது என்பது பதில் ஆகாது.

கேட்காமல் வாங்கிய கையுறை

கட்டிங் மேசைக்கு ஸ்டீல் கையுறையை ஒரே அளவில் மொத்தமாக வாங்குகிறார்கள். சிறிய கைக்காரருக்கு அது நழுவுகிறது, பெரிய கைக்காரருக்கு விரல் மடங்குவதில்லை. ஆடிட் முடிந்ததும் ஆணியில் தொங்குகிறது. அதட்டுவதற்கு முன் நீங்களே மாட்டிக்கொண்டு நாலு லேயர் துணியைப் பிடித்துப் பாருங்கள்.

பெயருக்கு ஒரு குழு

பத்துப் பேர் வேலை செய்தாலே பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013 சட்டம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். பெயர்ப் பட்டியலை ஒட்டிவிட்டுப் புகார்ப் பெட்டியை சூப்பர்வைசர் மேசைக்கு எதிரே, கேமராவுக்குக் கீழே மாட்டுவார்கள். ஒரு சீட்டுகூட விழவில்லை என்று ஒரு மனிதவள அதிகாரி என்னிடம் பெருமையாகச் சொன்னார். எப்படி விழும்? ஆலையில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கத் தொழிற்சங்கத்தோடு 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் வேறு வழியில் போனது. அங்கே தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்களைத் தொழிற்சங்கம் தேர்ந்தெடுத்தது. பக்கத்து மெஷினில் இருப்பவரிடம் பேசுவதற்குப் பெட்டி எதற்கு?

மொழி

ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்கு இந்தியில் பலகை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒடியாவில் எழுதுங்கள், வாயாலும் சொல்ல வையுங்கள். லைனிலேயே அதற்கு ஆள் இருப்பார். அவர் பீஸ் ரேட்டில் (உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில்) இருந்தால், பேசிய நேரத்துக்கும் கூலி போட்டுக் கொடுங்கள்.