குரல் கம்மி வாரக்கணக்காகியும் சரியாகவில்லையா?

சளி பிடித்துக் குரல் கம்மினால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானாகவே சரியாகிவிடும், அதற்கு ஆன்டிபயாடிக் தேவைப்படாது. நான்கு வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் மிளகுப்பால், கற்கண்டு என்று நாளைக் கடத்தாமல் ஈ.என்.டி. டாக்டரிடம் போங்கள். புகை பிடிப்பவர்கள், கழுத்தில் கட்டி இருப்பவர்கள், சளியில் ரத்தம் வருபவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. மூச்சு விடவே சிரமமாக இருந்தால் நேராக அவசரப் பிரிவுக்குத்தான்.

குரல்வளையைக் கேமராவில் பார்க்காமல் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால், "உள்ளே பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விடுவார்கள், கொஞ்சம் கூச்சமாக இருக்கும், சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

நாள் முழுக்கக் கத்திப் பாடம் நடத்தும் டீச்சர்களுக்கு அடிக்கடி வருவது குரல் நாணில், அதாவது தொண்டைக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் மடிப்பில், காய்ப்பு. இதற்கு முதல் சிகிச்சை ஆபரேஷன் இல்லை, குரல் பயிற்சிதான். உதாரணமாக, ஸ்ட்ராவை உதடுகளால் கவ்விக்கொண்டு அதன் வழியே 'ஊ' என்று மெதுவாக ஒலி எழுப்பச் சொல்வார்கள், பயிற்சியாளர் பார்த்துத் திருத்தினால் நல்ல பலன் கிடைக்கும். பாலிப், அதாவது குரல் நாணில் வளரும் சிறு சதை, என்றால் பல நேரம் ஆபரேஷன் தேவைப்படும். ஒரு பக்கக் குரல் நாண் செயலிழந்திருந்தால் ஊசி போட்டோ சிறு ஆபரேஷன் செய்தோ அதை நடுவே நகர்த்துவார்கள். தசை இறுகிக் குரல் விட்டுவிட்டு வருகிற நோய்க்கு, தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி, அது சில மாதம்தான் தாங்கும், திரும்பப் போட வேண்டும்.

அப்புறம், தொண்டைக்கு ஓய்வு என்று நினைத்துக் குசுகுசுவென்று பேசாதீர்கள், பலருக்கு அதுவே தொண்டையை இறுக்கிவிடும்.