போர்ட் மெக்குவாரி கோவாலா மருத்துவமனை: முதல் முறை போகிறவர்களுக்கு

கோவாலாவைக் கையில் தூக்கி வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், போர்ட் மெக்குவாரி உங்களுக்கான ஊர் இல்லை. அந்த ஊர் இருக்கும் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பார்வையாளர்கள் கோவாலாவைத் தூக்குவதற்கு அனுமதியே கிடையாது. அடிபட்ட, தீயில் வெந்த, நோய்கண்ட காட்டுக் கோவாலாக்களை எப்படித் தேற்றித் திரும்பவும் மரமேற்றுகிறார்கள் என்று பார்க்க விரும்பினால், அங்குள்ள கோவாலா மருத்துவமனையைவிட நல்ல இடம் குறைவு. 1973-இல் உள்ளூர்க்காரர்கள் தொடங்கிய அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான வேலை தன்னார்வலர்கள் கையில்தான்.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

கோவாலா ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் அசையாமல் கிடக்கும். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். யூகலிப்டஸ் இலையில் சத்து குறைவு, நார் அதிகம், நஞ்சும் உண்டு. அதைச் செரிப்பதற்கே உடல் பாடுபடுகிறது, ஓடியாட மிச்சம் இருக்காது. காலை 11 மணிக்குப் போய் நின்றால், கிளைக் கவட்டையில் சாம்பல் நிறப் பந்து ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். முதல் முறை போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இதில்தான்.

பிற்பகலில் போங்கள். வழக்கமாக 3 மணிக்குத் தன்னார்வலர் ஒருவர் கூண்டுகளைச் சுற்றிக் காட்டி விளக்குவார். புது இலை வரும்போது கோவாலாக்கள் கண் திறப்பதையும் பார்க்கலாம். நேர அட்டவணை மாறக்கூடியது, முதல் நாளே மருத்துவமனையின் இணையதளத்தில் சரிபார்த்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை இனப்பெருக்கக் காலம். ஆண் கோவாலாக்கள் துணை தேடித் தரையில் இறங்கி நடக்கும், வண்டியில் அடிபடும், நாயிடம் சிக்கும். மருத்துவமனைக்கு வேலை மிகுந்த மாதங்கள் இவை.

படி 2: போய்ச் சேருவது

சிட்னியிலிருந்து வடக்கே பசிபிக் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 390 கிலோமீட்டர், காரில் 4 மணி நேரத்துக்குச் சற்று மேல். ரயிலில் வந்தால் வாக்கோப் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். விமானமும் உண்டு. மருத்துவமனை ஊருக்குள்ளேயே, ரோட்டோ ஹவுஸ் என்ற பழைய மரவீட்டின் வளாகத்தில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லாமல் நன்கொடையில் நடந்துவரும் இடம் என்பதால் உண்டியலைத் தாண்டிச் சும்மா போக வேண்டாம்.

காரில் வருகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் ஊர் சேர்ந்துவிடுங்கள். கோவாலாப் படம் போட்ட மஞ்சள் பலகை தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல.

படி 3: எடுத்துப் போக வேண்டியவை

தொப்பி, தண்ணீர், கொசு மருந்து போதும். கேமரா இருந்தால் 200 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் உதவும். ஃபிளாஷ் கூடவே கூடாது. கண் அழற்சிக்குச் சிகிச்சையில் இருக்கும் விலங்கின் முகத்தில் வெளிச்சத்தை அடிப்பது எவ்வளவு கொடுமை என்று சொல்லத் தேவையில்லை. செல்ல நாயைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போகலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஆஸ்திரேலிய வெயிலில் அது நாய்க்கே ஆபத்து.

படி 4: கூண்டின் முன் நின்று நோயாளியைப் படிப்பது

முதலில் பெயர்ப் பலகை. இங்கே கோவாலாவுக்கு இரட்டைப் பெயர்: முன்பாதி அது கிடைத்த இடம், பின்பாதி பெரும்பாலும் கண்டெடுத்தவரோடு தொடர்புள்ள பெயர். 2019 காட்டுத்தீயில் ஒரு பெண் தன் சட்டையைக் கழற்றிச் சுற்றித் தூக்கிய கோவாலாவை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பெயர் எல்லன்பரோ லூயிஸ். தீக்காயம் ஆறாது என்று தெரிந்ததும் வலியில்லாமல் உயிரை விடுவித்தார்கள். அந்த ஆண்டு காட்டில் தண்ணீர்த் தொட்டிகள் வைப்பதற்காக மருத்துவமனை கேட்டது 25,000 ஆஸ்திரேலிய டாலர், வந்து சேர்ந்தது 70 லட்சத்துக்கும் மேல்.

அடுத்து கண்கள். சிவந்து வீங்கி, ஓரத்தில் சீழ் கட்டியிருந்தால் கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். பிறகு பின்புறம். ஆரோக்கியமான கோவாலாவின் பிட்டம் வெளிறிய நிறத்தில் உலர்ந்து இருக்கும். பழுப்புக் கறையோடு நனைந்திருந்தால் அதே தொற்று சிறுநீர்ப்பையை எட்டிவிட்டது என்று பொருள். பெண் கோவாலா என்றால் மலடாகவும் ஆகிவிடக்கூடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, தன்னார்வலரிடம் கேட்டால் விரிவாகச் சொல்வார். கிருமியைக் கொல்லக் கொடுக்கும் ஆன்டிபயாடிக், கோவாலாவின் குடலில் இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிர்களையும் கொல்லும். நோய் தீர்ந்தும் பட்டினியால் சாகிற கோவாலாக்கள் உண்டு. அதனால் மருந்து கொடுக்கும் நாட்களில் எடை, சாணம், தின்ற இலை எல்லாவற்றையும் உன்னிப்பாகக் கவனிப்பார்கள். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிளமிடியா தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது முக்கியமானதற்குக் காரணம் இதுவே.

இலைத் தொட்டிகளையும் பாருங்கள். தன்னார்வலர்கள் அன்றாடம் கிளை வெட்டி வந்து, வாடாமல் இருக்கத் தண்ணீர்க் குழாய்களில் செருகி வைக்கிறார்கள். டாலோவுட், ஸ்வாம்ப் மஹோகனி, ஃபாரஸ்ட் ரெட் கம் போன்ற சில வகைகள்தான் இந்தப் பகுதிக் கோவாலாக்களுக்குப் பிடிக்கும். நூற்றுக்கணக்கான யூகலிப்டஸ் இனங்கள் இருந்தும் தட்டில் விழுவது விரல்விட்டு எண்ணும் அளவே. அதிலும் முகர்ந்து பார்த்து நுனித் தளிரைக் கிள்ளித் தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்கும். ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் தின்னும் விலங்குக்கு, அதைவிடப் பல மடங்கு வெட்டிக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. மருத்துவமனையின் முதுகெலும்பு மருத்துவர் அல்ல, இலை வெட்டுகிறவர் என்றே சொல்வேன்.

தாயை இழந்த குட்டிகளைத் தேடாதீர்கள். அவை பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களின் வீடுகளில் வளர்கின்றன, பார்வையாளர்களுக்குக் காட்டுவதில்லை. தீவிர சிகிச்சை அறைகளும் அப்படியே. நாம் பார்ப்பது தேறிவருபவற்றையும், கண் போனது, கால் போனது என்று காட்டுக்குத் திரும்ப முடியாமல் நிரந்தரமாகத் தங்கிவிட்டவற்றையும்தான். காலியான கூண்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், அங்கிருந்தது குணமாகி வீடு போயிருக்கலாம்.

படி 5: காட்டுக் கோவாலாவைத் தேடுவது

மருத்துவமனை முடிந்ததும் ஊருக்குள் உள்ள கூலூன்பங் க்ரீக் காப்பகப் பகுதியில் நடந்து பாருங்கள். மேலே பார்த்துக்கொண்டே நடந்தால் கழுத்துதான் வலிக்கும். கீழே பாருங்கள்: மரத்தடியில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் உருண்டு நீண்ட புழுக்கை, உடைத்தால் தைல வாசனை. வழுவழுப்பான பட்டையில் நகக் கீறல். இரண்டும் இருந்தால் அந்த மரத்தின் கவட்டைகளை ஒவ்வொன்றாகத் துழாவுங்கள். கொளுத்தும் வெயில் நாளில் தாழ்வான, தடித்த கிளையைக் கட்டிப்பிடித்துக் கிடக்கும். மரத்தின் குளிர்ச்சியை உடம்புக்கு ஏற்றிக்கொள்கிறது.

படி 6: வழியில் அடிபட்ட கோவாலா கிடந்தால்

வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போடுங்கள். ஊருக்குள் நுழையும்போதே மருத்துவமனையின் மீட்பு எண்ணைக் கைபேசியில் சேர்த்து வைத்திருந்தால் நேரம் மிச்சம். முதலில் அந்த அழைப்பு, பிறகு மற்றது. நாய், குழந்தைகள், கூட்டம் எதையும் அண்டவிடாதீர்கள். முடிந்தால் துணிக்கூடை ஒன்றைக் கவிழ்த்து மூடி மேலே போர்வை போடுங்கள். இருட்டில் அது அமைதியாகும். வெறுங்கையால் தூக்கக் கூடாது. நகமும் பல்லும் ஆழமாக இறங்கும்.

தண்ணீர் பாட்டிலை வாயில் சாய்த்துப் புகட்டாதீர்கள். 2019-20 தீயின்போது அப்படிப் பல காணொளிகள் பரவின. தலையை அண்ணாந்தபடி குடித்தால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய், தீயில் தப்பியது நிமோனியாவில் சாகக்கூடும். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கீழே வையுங்கள், தானாகக் குனிந்து குடிக்கட்டும்.

அடிபட்ட கோவாலா எழுந்து மரமேறிவிட்டாலும் தகவல் சொல்லுங்கள். உள்ளே எலும்போ தாடையோ உடைந்திருக்கலாம், வெளியே தெரியாது. மரத்தில் இருப்பதை மீட்பர்கள் கீழே கொண்டுவரும் முறையைப் பார்க்க நேர்ந்தால் தள்ளி நின்று பாருங்கள். நீண்ட கம்பின் நுனியில் துணியைக் கட்டி அதன் தலைக்கு மேல் ஆட்டுவார்கள், அது எரிச்சலோடு பின்பக்கமாக இறங்கிவரும். இறந்து கிடந்தாலும் அழைக்க வேண்டும், பெண் என்றால் அதன் வயிற்றுக்கு வெளியே உள்ள பையில் உயிரோடு குட்டி இருக்கலாம்.

தொலைபேசியில் இடத்தைத் துருவித் துருவிக் கேட்பார்கள்: எந்தச் சாலை, எந்த வளைவு, எந்த மரம். பொறுமையாகச் சொல்லுங்கள், முடிந்தால் கைபேசி வரைபடத்தில் புள்ளி குத்தி அனுப்புங்கள். குணமானதும் அதைக் கொண்டுபோய் விட வேண்டியது அந்த இடத்துக்கு அருகில்தான்.