சாரல் மாதங்களில் காரை வீட்டு ஷெட்டில் நிறுத்தி வைப்பது எப்படி?

குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்தால் காரை ஷெட்டில் பூட்டிவிடுகிறார்கள். பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு காரின் அடிப்பாகத்தை அரித்துவிடும் என்பது அவர்கள் கவலை. நமக்குப் பனியும் இல்லை, அந்த உப்பும் இல்லை. ஆனால் செங்கோட்டை, புளியரை, தென்காசிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீசன் இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரலாக இங்கே இறங்கும். குற்றாலத்துக்குக் குளிக்க வருபவர்களுக்கு அது சுகம். ஷெட்டில் நிற்கும் காருக்கு அது மூன்று மாத ஈரம். அப்புறம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும்.

லீவு முடிந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்கள், கொல்லம் திருவனந்தபுரம் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு ஊர் வீட்டில் காரை விட்டிருப்பவர்கள் எல்லோரும் சாவியைக் கொடுக்கும்போது ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: "மச்சான், வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணிப் போட்டுரு." தயவுசெய்து இதை மட்டும் சொல்லாதீர்கள். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. ஐந்து நிமிடத்தில் இஞ்சினும் சைலன்சரும் போதுமான அளவு சூடாகாது. அதனால் அந்த நீர் வெளியேறாமல் சைலன்சருக்குள்ளும் இஞ்சின் ஆயிலிலும் தங்கி, துருவுக்கு வழி செய்யும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி செலவழித்த சார்ஜும் அந்த ஐந்து நிமிட ஐடிலிங்கில் சரியாகத் திரும்பி ஏறாது. மூடிய ஷெட்டுக்குள் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஆகவே யாராவது வெளியே எடுத்து 15, 20 கிலோமீட்டர் ஓட்டி வர முடிந்தால் ஓட்டட்டும். முடியாதென்றால் காரைத் தொடாமல் விடுவதே நல்லது. அப்படித் தொடாமல் விடுவதற்கான தயாரிப்பைத்தான் கீழே சொல்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் நிற்கப்போகிறது என்றால் எல்லாவற்றையும் செய்யுங்கள்.

முதலில் ஷெட்

காருக்கு முன்னால் தரையைப் பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பிளாஸ்டிக் தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டுங்கள். மறுநாள் எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ, அந்த இடத்தில் தரை கறுத்திருந்தாலோ, சிமெண்டுத் தரை கீழிருந்து ஈரத்தை மேலே விடுகிறது என்று அர்த்தம். கார் நிற்கும் இடம் முழுக்கக் கனமான தார்ப்பாய் விரித்துவிட்டால் போதும். மண் தரை என்றால் தார்ப்பாயின் மேல் டயருக்கு அடியில் பலகையும் போடுங்கள்.

அடுத்து, ஷெட்டில் வேறென்ன இருக்கிறது? ரப்பர் தோட்டம் உள்ள வீடுகளில் பால் உறைய வைக்கும் ஆசிட் கேன் பெரும்பாலும் ஷெட்டு மூலையில்தான் இருக்கும். அதன் ஆவி இரும்பை அரிக்கும். உர மூட்டையும் அப்படித்தான், ஈரத்தை இழுத்துவைத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள உலோகத்தைக் கெடுக்கும். இரண்டையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள். நெல், தேங்காய், மாட்டுத் தீவனம் எதுவும் அங்கே வேண்டாம். அவை எலியைக் கூப்பிடும்.

கழுவி, காயவைத்து

வாட்டர் சர்வீஸ் விடும்போது அடிப்பாகத்தையும் மட்கார்டு உட்புறத்தையும் கண்டிப்பாகக் கழுவச் சொல்லுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் மண் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். கழுவிய கையோடு ஷெட்டில் விடாதீர்கள். வெயில் இருக்கும் நாளில் கழுவி, கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் நன்றாகக் காய்ந்த பிறகு நிறுத்துங்கள். பறவை எச்சமோ மரப்பிசினோ பெயிண்டில் இருக்கக் கூடாது. வாக்ஸ் போட்டால் இன்னும் நல்லது.

கடைசியாக ஓட்டி வரும்போது வீடு சேர்வதற்குப் பத்து நிமிடம் முன்பே ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஃபேனை மட்டும் வேகமாக வையுங்கள். டேஷ்போர்டுக்குள் ஏ.சி. சுருளில் நிற்கும் தண்ணீர் காய்ந்துவிடும். பூசண நாற்றம் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

உள்ளே மிதியடிகளை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். பிஸ்கட் துகள் ஒன்றுகூட இல்லாமல் வேக்குவம் செய்யுங்கள். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பா கடைகளில் கிடைக்கும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைக்கலாம். ஈரத்தை இழுக்க இழுக்க அதில் உப்புத் தண்ணீர் சேரும், அது சிந்தினால் துருப்பிடிக்கும். அதனால் டப்பாவைச் சீட்டில் வைக்காமல், கீழே ஒரு தட்டில் நிறுத்தி வையுங்கள். காற்றோட்டத்துக்கு என்று கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கச் சிலர் சொல்வார்கள். வறண்ட ஊருக்கு அது சரி. சாரல் காற்று வீசும் ஊரில் முழுக்க ஏற்றிவிடுங்கள்.

ஆயிலும் பெட்ரோலும்

பழைய இஞ்சின் ஆயிலில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும். ஆயில் மாற்றும் நாள் நெருங்கியிருந்தால், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளாமல் நிறுத்துவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

டேங்கை நிரப்பி வையுங்கள். இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டேங்கில் காலி இடம் குறைந்தால் ஈரக் காற்றுக்கும் இடம் குறையும். பம்ப் தானாக நின்றதும் விட்டுவிடுங்கள், அதற்கு மேல் திணிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு மேல் நிற்கும் என்றால், பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசரை ஊற்றி, அது இஞ்சின் வரைக்கும் போய்ச்சேரக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். டீசல் காருக்கும் டேங்க் நிறைந்திருப்பதே நல்லது. டீசலில் தண்ணீர் சேர்ந்தால் அதில் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும்.

பேட்டரி

காரை அணைத்துப் பூட்டிய பிறகும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். 50 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-அவர் போகும். சின்ன கார்களில் உள்ள 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே மாதத்தில் காலி. அப்படிக் காலியாகிக் கிடந்தால் உள்ளே உள்ள தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய பலம் வராது.

நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டால் இந்தக் கசிவு நின்றுவிடும். பெரும்பாலான கார்களுக்கு 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். கழற்றுவதற்கு முன் இரண்டு காரியம்: கண்ணாடிகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள், சாவித் துவாரத்தில் சாவி போட்டுக் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள். கரண்ட் இல்லாமல் ரிமோட் வேலை செய்யாது. முதலில் கழற்ற வேண்டியது நெகட்டிவ், திரும்ப மாட்டும்போது கடைசியில் மாட்ட வேண்டியதும் நெகட்டிவ். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரிய தீப்பொறி கிளம்பும்.

கழற்றி வைத்தாலும் பேட்டரி மெல்ல இறங்கத்தான் செய்யும். வீட்டில் யாராவது இருந்தால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4-க்குக் கீழே வந்தால் சார்ஜ் போட வேண்டும்.

டயர், ஹேண்ட்பிரேக்

டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவைவிட 5 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வையுங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையாவது இதனால் குறையும்.

ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். ஈரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டால் சக்கரம் அசையாது. முதல் கியரில் விட்டு, டயருக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் விட்டு, அதற்கும் கட்டை.

எலி

மழைக்காலத்தில் எலிக்கு நனையாத, இருட்டான இடம் வேண்டும். பானெட்டுக்குள் அது கிடைக்கிறது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். வயரிங் செலவு மற்ற எல்லாச் செலவையும்விட அதிகம் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஷெட்டுக் கதவின் அடி இடைவெளியைக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையால் அடையுங்கள். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சுருட்டிச் சைலன்சர் வாயில் செருகி, ஞாபகத்துக்கு ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். ஷெட் நன்றாகப் பூட்டியிருக்கும் என்றால் பானெட்டைத் திறந்தே வைக்கலாம், வெளிச்சம் விழும் இடத்தில் எலி கூடு கட்டத் தயங்கும். வீட்டில் இருப்பவர்கள் வாரம் ஒருமுறை எலிப்பொறியைப் பார்க்கட்டும். எலி மருந்து வேண்டாம். தின்ற எலி காருக்குள் எங்காவது போய்ச் செத்தால் நாற்றத்தை எடுக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும்.

மேலே போடும் கவர் துணியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கவரும் தார்ப்பாயும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும்.

திரும்ப எடுக்கும்போது

டார்ச் அடித்துப் பானெட்டுக்குள்ளும் காருக்கு அடியிலும் பாருங்கள். எலி இருந்த இடத்துக்குப் பாம்பும் வந்திருக்கலாம், கையை நேராக விடாதீர்கள். சிவப்புத் துணியைப் பார்த்ததும் சைலன்சர் நாரை எடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், ஆயில், கூலண்ட், பிரேக் ஆயில் அளவு பாருங்கள், பேட்டரியை மாட்டுங்கள். ஷெட்டுக் கதவை முழுக்கத் திறந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

முதல் சில பிரேக்குகளில் கரகரவென்று சத்தம் வரும். டிஸ்க்கில் படிந்த மேல் துரு அது, சீக்கிரம் போய்விடும். சில கிலோமீட்டருக்குப் பிறகும் சத்தம் நிற்காவிட்டாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ மெக்கானிக்கிடம் விடுங்கள். பங்க்கில் டயர் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். ரோட்டில் ஏற்றுவதற்கு முன் இன்சூரன்ஸையும் புகைச் சான்றிதழையும் பாருங்கள். இன்சூரன்ஸ் முடிந்து 90 நாள் தாண்டினால் நோ கிளைம் போனஸ் போய்விடும், அதனால் கார் ஷெட்டில் நிற்கும்போதே இணையத்தில் புதுப்பித்துவிடுங்கள்.