கணினியில் உள்ள சொந்த ஆவணங்களுக்குக் கடவுச்சொல் போடுவது எப்படி?

சென்ற ஆண்டு என் மடிக்கணினியின் திரை பழுதானது. சரிசெய்யக் கொடுத்தபோது, சோதித்துப் பார்க்க வேண்டும் என்று விண்டோஸ் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது: அம்மாவின் ஓய்வூதியப் புத்தகம், எல்லோருடைய ஆதார் நகல், வீட்டுப் பத்திரம் அத்தனையும் டெஸ்க்டாப்பிலேயே கிடந்தன. கணினி திரும்பி வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

ஒரு ஃபோல்டருக்கு மட்டும் கடவுச்சொல் போடும் வசதி விண்டோஸில் இல்லை. 'ஹிடன்' என்று மறைத்து வைப்பதும் பூட்டாகாது. இரண்டு சொடுக்கில் வெளியே வந்துவிடும். நான் பயன்படுத்துவது செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருள். ஒரு ஃபோல்டரில் உள்ளவற்றை ஒரே கோப்பாகக் கட்டி, அதற்குக் கடவுச்சொல் போட்டுத் தரும். ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் பாவ்லோவ் உருவாக்கியது.

1. செவன்-ஜிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். முகவரி 'டாட் ஆர்க்' (.org) என்று முடியும். பெயர் ஒத்த வேறு தளங்களில் ஏமாற வேண்டாம்.

2. ஆவணங்களை ஒரே ஃபோல்டரில் சேருங்கள். அதன்மீது வலது சொடுக்கு, செவன்-ஜிப், 'ஆட் டு ஆர்க்கைவ்'. விண்டோஸ் 11 என்றால் முதலில் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்க வேண்டியிருக்கும்.

3. திறக்கும் பெட்டியில் 'ஆர்க்கைவ் ஃபார்மேட்' என்ற இடத்தில் '7இசட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'ஜிப்' வேண்டாம். அதில் தானாக அமைந்திருக்கும் பழைய பூட்டுமுறை பலவீனமானது. '7இசட்' பயன்படுத்துவது ஏஇஎஸ்-256 என்ற உறுதியான முறை.

4. கடவுச்சொல்லை இரண்டு முறை கொடுங்கள். கீழே உள்ள 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' பெட்டியில் கட்டாயம் டிக் செய்யுங்கள். இதை விட்டால், கோப்பைத் திறக்க முடியாதவரும் உள்ளே இருப்பவற்றின் பெயர்களைப் படித்துவிடுவார். 'கடன் பத்திரம்', 'மருத்துவ அறிக்கை' என்ற பெயர்களே போதும், வீட்டுக் கதை வெளியே போக.

கடவுச்சொல்லில் பிறந்த நாளும் பிள்ளை பெயரும் வேண்டாம். முருங்கை, பம்பரம், திண்ணை, ஒட்டகம் என்பதுபோல ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கைந்து சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். நீளமாக இருக்கும், நினைவிலும் நிற்கும். (இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள்.) மறந்துவிட்டால் மீட்டுத் தர யாரும் இல்லை, மென்பொருளை எழுதியவர் உட்பட. ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கணினிப் பையில் அல்ல.

5. 'ஓகே' கொடுத்ததும் உருவாகும் கோப்பைத் திறந்து, கடவுச்சொல் கேட்கிறதா, உள்ளே உள்ளவை சரியாகத் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

6. பலரும் தவறவிடும் படி இதுதான். செவன்-ஜிப் எடுத்தது நகலை மட்டுமே. மூல ஃபோல்டர் அப்படியே பூட்டில்லாமல் இருக்கிறது. சோதித்து முடித்த பின் அதை 'ஷிஃப்ட்' விசையோடு சேர்த்து 'டெலீட்' கொடுத்து நீக்குங்கள். வெறும் 'டெலீட்' கொடுத்தால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்திருக்கும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பாருங்கள். மின்னஞ்சலில் வந்த அதே ஆதார் நகல் அங்கே இன்னொன்று இருக்கலாம். இப்படி நீக்கியவற்றையும் மீட்புக் கருவிகளால் சில நேரம் எடுத்துவிட முடியும். ஆகவே, கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும் நாள்வரை காத்திருக்காமல் இன்றே பூட்டிவிடுங்கள்.

7. பூட்டிய கோப்பின் நகல் ஒன்றைப் பென் டிரைவில் வையுங்கள். அந்த ஒரு கோப்பு பழுதானால் உள்ளே இருக்கும் எல்லாமே போய்விடக்கூடும்.