ஜூன் மாதத்தில் பிள்ளைகளை மறுபடி எழுத உட்கார வைப்பது

பள்ளி திறந்த முதல் வாரத்தில், என்னிடம் டியூஷனுக்கு வரும் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் அரைப் பக்கம் எழுதியதுமே பேனாவை வைத்துவிட்டு விரலை உதறுவார்கள். "கை வலிக்குது மிஸ்" என்று சொல்வது சாக்கு இல்லை. நிஜமாகவே வலிக்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து பேனாவையே தொடாத கை அது. பெரம்பூரில் பல வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன், ஒவ்வொரு ஜூனிலும் இதைப் பார்க்கிறேன். அதனால்தான் பெற்றோரிடம் சொல்கிறேன்: முதல் இரண்டு வாரம் பாடத்தைத் துரத்தாதீர்கள். உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் திரும்பட்டும், மார்க் பின்னாலேயே வரும்.

தூக்கத்திலிருந்து தொடங்குங்கள், முடிந்தால் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே. ஐபிஎல் மேட்ச் ஏழரைக்குத் தொடங்கி பதினோரு மணி தாண்டும், அப்புறம் மொபைல். மே மாதம் முழுக்க இப்படிப் போயிருக்கும். இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இயல்பாகவே தாமதமாகத்தான் சுரக்கிறது. "பத்து மணிக்குப் படு" என்று அதட்டினால் படுத்துப் புரளுவார்களே தவிர தூங்கமாட்டார்கள். எழுப்பும் நேரத்தை மாற்றுங்கள். தினமும் இருபது நிமிடம் முன்னதாக எழுப்பி, மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் நிற்கச் சொல்லுங்கள். காலை வெளிச்சம் பட்டால் ராத்திரி தூக்கமும் முன்னதாக வரும். ஞாயிற்றுக்கிழமையும் ரொம்ப நேரம் தூங்க விடவேண்டாம். 13 முதல் 18 வயது வரை 8 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், அதைக் குறைத்துப் படிக்க வைத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

அடுத்தது வெயில். கத்திரி மே 28-ஓடு முடிந்துவிடும் என்று காலண்டர் சொன்னாலும் சென்னையில் ஜூனும் கொதிக்கும். 2023-இல் வெயிலுக்காகவே 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குப் பள்ளி திறப்பை ஜூன் 12-க்குத் தள்ளிவைத்தார்கள். நாலரைக்கு வியர்த்து விறுவிறுத்து வருகிற பிள்ளையிடம் "ஹோம்வொர்க் என்ன?" என்று கேட்காதீர்கள். குளிக்கட்டும், டிபன் சாப்பிடட்டும், கீழே போய் கொஞ்சம் விளையாடட்டும். ஆறரைக்கு உட்காரலாம். தளத்துக்கு நேர் கீழே உள்ள அறை அந்த நேரத்திலும் அனலடிக்கும், அதனால் ஹாலில் ஃபேனுக்கு அடியில் உட்கார வையுங்கள். மணிக்கட்டுக்கு அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டால் வியர்வை நோட்டில் பட்டு மை கலையாது.

முதல் சில நாள் இருபது நிமிடம் போதும். அடுத்த வாரம் அரை மணி, அதற்கடுத்த வாரம் முக்கால் மணி. எந்தப் பாடம் முதலில் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். டிவியை அணைத்துவிட்டு, அதே ஹாலில் கீரை ஆய்ந்துகொண்டோ கணக்கு எழுதிக்கொண்டோ இருங்கள். முடித்த பிறகு "படிச்சியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்னைக்கு என்ன கணக்குடா குடுத்தாங்க, காட்டு" என்று கேளுங்கள்.

பள்ளியில் வீட்டுப்பாடம் அதிகம் தராத நாட்களில் போன வருடப் பாடத்தை எடுங்கள். நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும். அதற்கு அடிப்படை ஒன்பதாவதில் படித்த கண மொழி. அதிலிருந்து தினம் நாலைந்து கணக்கு போதும். பழைய புத்தகத்தைப் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டீர்களா, பரவாயில்லை, பாடநூல் கழக இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

லீவில் முதலில் மறந்துபோவது கழித்தல் குறிதான். அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால் உள்ளே இருக்கும் குறிகள் மாறவேண்டும், மாற்றாமல் அப்படியே எழுதிவிடுவார்கள். திட்டவேண்டாம். 12 − (7 − 3) என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முதலில் உள்ளே இருப்பதைக் கழிக்கச் சொல்லுங்கள், விடை 8. அப்புறம் அடைப்பை எடுத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். குறியை மாற்றாதவர்களுக்கு 2 வரும். இரண்டு விடையையும் பார்த்ததும் அவர்களே "ஓ, இங்க ப்ளஸ்" என்பார்கள். இப்படித் தானே கண்டுபிடித்தது மறப்பதில்லை.

மொபைல்தான் பெரிய தலைவலி, ஏனென்றால் ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. வந்ததை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, மொபைலைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கு அப்பா, அம்மா மொபைலும் அங்கேயே இருக்கட்டும். நாம் கையில் வைத்துக்கொண்டு அவர்களை மட்டும் வைக்கச் சொல்வது நியாயமில்லை.

பதினொன்றாவது போகிறவர்களிடம் இன்னும் பொறுமை வேண்டும். ஏப்ரலில் பொதுத்தேர்வு முடிந்ததிலிருந்து அவர்கள் புத்தகத்தைத் திறந்திருக்கமாட்டார்கள், இயற்பியலும் வேதியியலும் தனித்தனியாக வந்து மிரட்டும். பத்தாவதில் 450 வாங்கிய பிள்ளைகூட முதல் தேர்வில் தடுமாறும். அதைப் பார்த்துப் பயந்து ஜூனிலேயே மூன்று டியூஷன் சேர்க்காதீர்கள். டியூஷன் எடுக்கிற நானே சொல்கிறேன், முதல் மாதம் அவர்களுக்குச் சாயங்காலம் கொஞ்சமாவது மிச்சம் இருக்கவேண்டும்.

எல்லாம் செய்தும் நோட்டில் பாதிப் பாதியாகவே எழுதி வந்தால், கண்ணையும் பார்த்துவிடுங்கள். போர்டு சரியாகத் தெரியாமல் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதும் பிள்ளைகள் நிறைய. ஹாலின் இந்தக் கோடியில் நிற்கவைத்து, எதிர்ச் சுவரில் மாட்டிய தினசரி காலண்டரைக் காட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு தேதிக்குக் கீழே இருக்கும் கிழமையை வாசிக்கட்டும், வீட்டில் இன்னொருவரும் அதே இடத்திலிருந்து வாசித்துப் பார்க்கட்டும். அவருக்குத் தெரிவது பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால் உடனே கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முதல் மிட் டேர்ம் வருவதற்குள் கண்ணாடி கைக்கு வந்துவிடும்.